மூணுகால் வாத்தியார்

டோலியூ ஊரில் லாய் வாத்தியார் வீடு எது என்று கேட்டால், எந்த லாய் என்று திருப்பிக் கேட்பார்கள். மூணுகால் லாய் என்றால் கேள்வி கிடையாது. சந்தைக்குப் பின்னால், நீல ஓடு பதித்த மூணு மாடி வீடு என்று பாக்கு விற்கிறவன்கூடச் சொல்லிவிடுவான்.

அவருக்குக் கால் ரெண்டுதான். பெயர் வந்தது பாடத்தால். நடுநிலைப் பள்ளியில் கடைசி வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். வருஷா வருஷம் மின்சாரப் பாடம் வரும்போது ஊருக்கே தெரிந்துவிடும். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு மரப் பிளக் தொங்கும். அவரே கற்பூர மரத்தில் செதுக்கியது. சின்ன நாய்க்குட்டி கனம் இருக்கும். மூணு கால் வைத்தது. ரெண்டு தட்டை, ஒன்று உருண்டை.

"மூணாவது கால் எதுக்கு?" என்று யாரையாவது எழுப்புவார். எழுந்தவன் விழித்தால் அந்தக் கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கவேண்டும்.

பாடம் நன்றாகத்தான் எடுப்பார். அதில் குறை சொல்ல முடியாது. பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து ஒன்றைக் கழற்றுவார். எல்லாம் அணையும். "இது ராணுவ வரிசை. ஒருத்தன் நின்னா பின்னால இருக்கிறவன் பூரா நிக்கணும்." பிறகு பக்கம் பக்கமாக இணைத்து ஒன்றைக் கழற்றுவார். மற்றவை எரியும். "இது ராத்திரிச் சந்தை. ஒருத்தன் கடையை மூடினா பக்கத்துக் கடைக்காரன் அழமாட்டான். வறுத்துக்கிட்டே இருப்பான்." உங்கள் வீட்டு வயரிங் எல்லாம் சந்தைதான் என்பார்.

அப்புறம் குரலை இறக்குவார். "கரண்ட் கிளம்பின இடத்துக்குத் திரும்பணும். அதுக்கு வேற ஆசை கிடையாது. திறந்த கதவு எதுவா இருந்தாலும் போகும். அகலமான கதவுல நிறையப் போகும். மெஷினுக்குள்ள வயர் தோல் உரிஞ்சு தகரத்துல பட்டுச்சுன்னா, தகரம் முழுக்கக் கரண்ட். நீ ஈரக்காலோட நின்னு தொட்டா, நீதான் கதவு. மூணாவது கால் இருந்தா அது கோயில் வாசல் மாதிரி அகலமான கதவு. எல்லாம் அது வழியா மண்ணுக்கு ஓடும், பிரேக்கர் விழுந்து கரண்ட் நிக்கும், நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவ. ரெண்டு கால் வேலை செய்யும், மூணாவது கால் காவல் காக்கும். அது அலங்காரத்துக்கு இல்ல."

அலங்காரத்துக்கு இல்லை என்று சொல்லும்போது ஒரு தரம் மேஜையைத் தட்டுவார். தட்டும் இடத்தில் பெயிண்ட் போய்விட்டது.

இப்படிப்பட்டவர் வீட்டில், மூணாம் மாடிப் பின் பால்கனியில், எட்டு வருஷமாக ஒரு சலவை மெஷின் ரெண்டு காலோடு ஓடிக்கொண்டிருந்தது.

மெஷின் வந்த அன்று அதைப் பொருத்த வந்தவன் மிங்தே. அவரிடம் படித்தவன்தான். படித்தான் என்பதைவிடக் கட்டை தூக்கினான் என்பது சரி. வளர்ந்து எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டான். வாயில் எப்போதும் பாக்கு.

"சார், பிளக்குல மூணு கால். சுவத்துல ரெண்டு ஓட்டை," என்றான்.

"கண்ணு தெரியுது எனக்கு."

"வீடு பழசு. எர்த் வயரே கிடையாது. இழுக்கணும்னா இங்கிருந்து கீழே மண்ணு வரைக்கும் இழுத்து ஒரு கம்பியை அடிச்சு இறக்கணும். வெளிச்சுவத்துல ஓடு உடையும். இல்லன்னா ஊர்ல எல்லாருக்கும் செய்யற மாதிரி செஞ்சுடறேன்."

லாய் வெளிச்சுவரை எட்டிப் பார்த்தார். அந்த நீல ஓடு பதித்து மூணு மாதம்தான் ஆகியிருந்தது. நிறம் அவர் தேர்ந்தெடுத்தது. ஓட்டுக் கடைக்காரனுடன் ஒரு பகல் முழுக்க வாதாடி எடுத்தது.

"இப்போதைக்கு ஒடி," என்றார்.

மிங்தே பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். "சார், இதுக்காகத்தான் என்னை ஒரு வாரம் கட்டையைத் தூக்கிட்டு நிக்கவச்சீங்க."

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு. வெளிச்சம் பத்துதா?"

டார்ச்சைப் பிடித்தவர் லாய்தான். குறட்டால் ஒரு திருகு. உருண்டைக் கால் ஒடிந்து உருண்டு பால்கனிச் சாக்கடை ஓட்டையில் விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம். காவல் காக்கிறவன் போய்ச் சேர்ந்தான்.

சில மாதத்தில் லாயின் மனைவி யூசியா சொன்னாள், "இது கடிக்குது."

"எது?"

"உங்க மெஷின். ஈரக்கையோட விளிம்பைத் தொட்டா எறும்பு மாதிரி கடிக்குது."

"அது நிலைமின்சாரம். துணி உரசறதால வர்றது. குளிர்காலத்துல எல்லாருக்கும் வரும்."

அப்போது ஆடி மாதப் புழுக்கம். சுவரில்கூட வியர்வை வழிந்தது. யூசியா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கீழே போனாள்.

அவள் கீழே போனதும் லாய் டெஸ்டரை எடுத்துவந்து தகரத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்பாக எரிந்தது. திருப்பி வைத்தார். திரும்பவும் எரிந்தது. இந்த டெஸ்டரே சரியில்லை, சும்மாவே எரிகிற சாதி என்று சொல்லி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அடுத்த நாள் ஊரில் எல்லாரும் போடுகிற நீலமும் வெள்ளையுமான ரப்பர் செருப்பு ரெண்டு ஜோடி வாங்கிவந்து பால்கனி வாசலில் வைத்தார்.

"நிலைமின்சாரத்துக்கு எதுக்குச் செருப்பு?" என்றாள் யூசியா.

"தரை வழுக்குது."

அவளும் தன் பங்குக்கு ஒன்று செய்தாள். மெஷின் மூடிமேல் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி ஒன்றை வைத்தாள். அந்த ஊரில் மெஷின் என்று இருந்தால், அது அடம் பிடிக்காமல் ஓட மேலே அந்தப் பொட்டலம் இருக்கும். ஆஸ்பத்திரியில், வங்கியில், கோயில் மைக்செட்டில் எங்கும் பார்க்கலாம். பச்சைதான் இருக்கவேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் முறைத்துக்கொள்ளும். தேதி முடிந்த பொட்டலமும் ஆகாது. தவறிப்போய் யாராவது பிரித்துத் தின்றுவிட்டால் அவ்வளவுதான்.

லாய் இதை வகுப்பில் கிண்டல் செய்வார். மூடநம்பிக்கை என்பார். ஆனால் அறிவியல் அறையில் பல்புப் பலகைக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிமேலும் ஒரு பச்சைப் பொட்டலம் உண்டு. தேதி பார்த்து மாற்றுகிறவர் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கேட்கமாட்டார்கள். கட்டை கனம்.

இப்படியாக, லாய் வீட்டின் மின் பாதுகாப்பு ஒரு செருப்பையும் ஒரு பொரிப் பொட்டலத்தையும் நம்பி எட்டு வருஷம் நடந்தது. யூசியா அவ்வப்போது, "இன்னிக்கும் கடிச்சுது" என்பாள். அவர், "ஈரப்பதம்" என்பார். ஒரு தரம் "உனக்கு நரம்பு பலவீனம்" என்றும் சொல்லிவிட்டார். அதை அவள் மறக்கவில்லை. அவளுக்கு மெஷின்கூடப் பெரிசில்லை. கடிப்பது கரண்ட்தான் என்று அந்த மனுஷன் வாயால் ஒரு தரம் சொல்லவேண்டும். ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்கிறவர், வீட்டில் மட்டும் ஈரப்பதம் என்கிறார்.

எட்டாவது வருஷம் லாய்க்கு ஆர்வம் கொஞ்சம் கூடிப்போயிற்று. எல்லாரும் அவரவர் வீட்டுச் சலவை மெஷின் பிளக்கைப் பார்த்து வரைந்து வாருங்கள் என்று பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுத்தார். வந்த படங்களில் முக்கால்வாசி ரெண்டு கால். ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டி, "உங்க அப்பா ஒடிச்சாரா, ஆளை வச்சு ஒடிச்சாரா?" என்று கேட்டார். பிள்ளைகள் இதை அப்படியே வீட்டில் போய்க் கேட்டார்கள்.

அப்பாக்கள் சும்மா இருப்பார்களா. நாலு பேர் தலைமையாசிரியை ஜியாங் மேடத்துக்குப் போன் போட்டார்கள். அதில் ஒருவர் இறைச்சிக் கடைக்காரர். "மேடம், எங்க வீட்டுப் பிளக்கைப் பத்தி ஊர் பூரா பேச்சு. லாய் சார் வீட்டு மெஷினுக்கு எத்தனை கால்னு யாராவது பாத்திருக்கீங்களா?"

ஜியாங் மேடம் எதையும் நல்லவிதமாக முடிக்கிறவர். லாயைக் கூப்பிட்டார். "லாய் சார், ஒரு நல்ல யோசனை. சனிக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கே வர்றேன். சரியான வீடு எப்படி இருக்கும்னு எல்லாரும் பாக்கட்டும். பெத்தவங்க வாயும் அடைஞ்சுடும்."

"வீடு சின்னது, மேடம்."

"மெஷினைத்தானே பாக்கப்போறோம்."

அன்று லாய் வீடு திரும்பியபோது யூசியா சோபாவில் உட்கார்ந்து முழங்கைக்கு மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். புயல் மழையில் பால்கனி முழுக்கத் தண்ணீர். அவள் செருப்பின் அடி தேய்ந்து நடுவில் வெடித்திருந்தது. தெரியாமல் போட்டுக்கொண்டு துணி எடுக்கப் போனாள். மெஷின் கடித்ததில் கை உதறி, சரிந்து, சிமெண்டில் முழங்கையைக் குத்தி விழுந்தாள்.

"வழுக்கிடுச்சா?" என்றார் லாய்.

யூசியா பட்டையை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள். "ஆமா. ஈரப்பதம் பிடிச்சுத் தள்ளிடுச்சு. இனிமே அந்தப் பெட்டியை நான் தொடமாட்டேன். உங்க சட்டையை நீங்களே துவைங்க. வெறுங்காலோட துவைங்க."

லாய் மாடிக்குப் போய் வெடித்த செருப்பைக் குப்பையில் போட்டார். ஒரு ஜோடி மிச்சம். பிறகு மிங்தேக்குப் போன் போட்டார்.

மிங்தே வந்து பார்த்தான். டெஸ்டரை வைத்தான், எரிந்தது. "சார், இது செத்த மெஷின். மோட்டார் உள்ளே வயர்த் தோல் போயிருக்கு. எர்த் இழுத்து, கரண்ட் கசிவு கண்டா விழற பிரேக்கரையும் போட்டாதான் சரிப்படும். அந்தப் பிரேக்கரைப் போட்டா இது ஓடவே ஓடாது, போட்டதும் விழுந்துடும். அதனால மெஷினும் புதுசு வாங்கணும்."

"சனிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"கடைக்காரன் மெஷின் அனுப்பவே அடுத்த வாரம் ஆகும். சுவத்துல ஓடு வேற உடைக்கணும்."

லாய் நீலச் சுவரை எட்டிப் பார்த்தார். "மூணு ஓட்டை சாக்கெட் ஒண்ணு மாட்டு. பிளக்கையும் மூணு கால் பிளக்கா மாத்து. பாக்க சரியா இருந்தா போதும்."

"மூணாவது ஓட்டைக்குப் பின்னால?"

"பின்னால யாரு பாக்கப்போறா?"

மிங்தே மெல்வதை நிறுத்திவிட்டான். "சார், ஊர்ல பாதி வீட்டுக்கு இதை நான் செஞ்சிருக்கேன். ஒவ்வொரு தரமும் உங்க ஞாபகம் வரும். நீங்களே கேப்பீங்கன்னு நினைக்கல."

"இப்போதைக்குத்தான்."

"அது தெரியும் சார். போன தரமும் இப்போதைக்குத்தான்."

அவன் மாட்டிவிட்டுப் போனான். பழைய சுவரில் திருகாணி சரியாகப் பிடிக்கவில்லை, பசை வைத்து ஒட்டினாற்போல் நிறுத்திவிட்டுப் போனான். வெள்ளை வெளேர் என்று மூணு ஓட்டை. அதில் மூணு கால். மூணாவது கால் ஒன்றுமில்லாத இடத்தில் ஜோராக நின்றது. யூசியா வந்து பார்த்தாள். சாக்கெட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அவர் திட்டை எதிர்பார்த்து நின்றவர். அது வராததால் அன்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் செருப்பும் ஷூவும் குவிந்தன. பிள்ளைகள் காலுறையோடு மாடி ஏறினார்கள். விருந்தாளி வருவதால் யூசியா வீடு முழுக்கக் கழுவியிருந்தாள், பால்கனியையும் சேர்த்து. கொய்யாக்காய் வெட்டிப் புளிப்புப் பொடி தூவிப் பெரிய தட்டில் வைத்திருந்தாள்.

லாய் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். சாக்கெட்டைக் காட்டுவது, கால் எண்ணச் சொல்வது, பட்டனை அழுத்துவது, கொய்யாக்காய், போய்வாருங்கள். பட்டன் பிளாஸ்டிக். தகரத்தைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

பால்கனி குறுகல். பிள்ளைகள் உள்ளே கதவருகே நெருக்கியடித்து நின்றார்கள். ஜியாங் மேடம் மட்டும் பால்கனிக்கு வந்தார். பால்கனி வாசலில் ஒரே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. விருந்தாளியை வெறும் காலுறையோடு ஈரத்தில் இறக்க முடியுமா. யூசியா குனிந்து செருப்பைத் திருப்பி வைத்தாள். "போட்டுக்குங்க மேடம். இந்த வீட்டுல இதுக்குத்தான் முதல் மரியாதை."

மேடம் போட்டுக்கொண்டார். லாய் காலுறையோடு ஈரச் சிமெண்டில் இறங்கினார். சில்லென்று உள்ளங்காலில் ஏறியது.

"எத்தனை கால்?" என்றார்.

"மூணு சார்," என்று கூட்டமாகச் சத்தம் வந்தது.

"மூணாவது எதுக்கு?"

"காவல் காக்க, சார்."

பட்டனை அழுத்தினார். மெஷின் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. மேடம் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா பிள்ளைங்களா? சரியான இணைப்பு இருந்தா பயப்பட ஒண்ணுமே இல்ல. எட்ட நின்னே பாத்தா எப்படி? நானே தொட்டுக் காட்டறேன்."

செருப்பு அவருக்குப் பெரிது, தரை சாய்வு. தடுமாறாமல் இருக்க மேடம் இடது கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டார். இரும்புக் குழாய், நேரே மண்ணுக்குள் போவது. வலது கையை மெஷினின் தகர விளிம்புக்கு நீட்டினார்.

லாய் இந்தப் படத்தை வருஷா வருஷம் பலகையில் வரைவார். குச்சி மனிதன். ஒரு கை கரண்டில், ஒரு கை குழாயில். நடுவில் சிவப்புச் சாக்பீஸால் நெஞ்சு. செருப்புப் போட்டிருந்தாலும் செத்தான், ஏன் என்று கேட்பார். கால் வழியாகப் போகாது சார், கை வழியாகக் கைக்குப் போகும் என்று பிள்ளைகள் சொல்லவேண்டும்.

"தொடாதீங்க," என்று கத்திக்கொண்டே வயரைப் பிடித்து இழுத்தார். பிளக்கைப் பிடித்துத்தான் கழற்றவேண்டும், வயரைப் பிடித்து இழுப்பவன் மடையன் என்பது அவர் பாடத்திலேயே ரெண்டாம் பக்கம். இழுத்த வேகத்தில் பிளக்கோடு சாக்கெட்டும் சுவரைவிட்டுப் பெயர்ந்து வந்து தொங்கியது. மெஷின் நின்றது. மேடம் கை அந்தரத்தில் நின்றது.

முன்னால் நின்ற ஒரு பெண் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "சார், பின்னால ரெண்டு வயருதான் இருக்கு. மூணாவதுக்கு வயரே இல்ல."

ஜியாங் மேடம்தான் முதலில் சுதாரித்தார். பெரிய மனுஷி. லாய் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவிட்டார். "வேலை இன்னும் பாக்கி இருக்கும்போல. ஆளு பாதியில விட்டுட்டுப் போயிட்டான், இல்லையா சார்?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மிங்தே தலையில் கட்டிவிடலாம், அவனும் மறுக்கமாட்டான். லாய் கதவுப் பக்கம் பார்த்தார். யூசியா கொய்யாத் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைப் பிடித்த கையில் பட்டை. அவள் அவரைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் இப்போதும் ஈரப்பதம் என்றுதான் சொல்லப்போகிறான் என்று தெரிந்த முகம்.

"பாக்கி இல்ல, மேடம்," என்றார் லாய். "நான் சொன்ன வேலையே இவ்வளவுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால மூணாவது காலை ஒடிக்கச் சொன்னவன் நான். நீங்க வர்றீங்கன்னு இந்தப் பொம்மையை மாட்டச் சொன்னவனும் நான். இந்த மெஷின் கடிக்கும். இவளைக் கடிச்சிட்டே இருந்துச்சு. நான் என்னென்னமோ பேரு சொன்னேன். அது கரண்ட்தான்."

யூசியா நிமிர்ந்தாள். அவரை ஒரு தரம் பார்த்தாள்.

"கொய்யாக்காய் எடுத்துக்குங்க மேடம்," என்றாள். "பொடி போட்டு ரொம்ப நேரம் வச்சா தண்ணி விட்டுடும்."

அப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கவேண்டாம். சார் வீட்டிலேயே ரெண்டு கால்தான் என்று தெரிந்ததும் ஊரே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. கம்பி இழுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள்கூட விட்டுவிட்டார்கள். இறைச்சிக் கடைக்காரர் மட்டும் இழுத்தார். சாருக்கு இல்லாத மூணாவது கால் தனக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசை.

லாய் நீல ஓடுகளை உடைத்தார். நீலச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கம்பி இறங்கி, வாசல் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் போயிற்று. தெருவில் போகிறவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவான். கசிவு கண்டால் விழுகிற பிரேக்கரும் வந்தது. சொன்னபடியே பழைய மெஷினைப் போட்டதும் அது விழுந்தது. புது மெஷின் வந்தது. வேலை முடிந்ததும் மிங்தே பையிலிருந்து ஒரு பச்சைப் பொட்டலத்தை எடுத்து மெஷின்மேல் வைத்தான்.

"இனிமே எதுக்குடா இது?"

"எர்த் கரண்டுக்கு சார். இது மெஷினுக்கு."

அவன் போனதும் லாய் பொட்டலத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

யூசியா வாசலிலேயே நின்றாள். "நீங்க தொடுங்க," என்றாள்.

அவர் காலுறையைக் கழற்றினார். ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றி, அதில் வெறுங்காலோடு நின்று, ஈரக்கையைத் தகரத்தில் வைத்தார். கம்பி இருக்கிறது, பிரேக்கர் இருக்கிறது, எல்லாம் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தார்.

"கடிக்குதா?"

"இல்ல."

"நிலைமின்சாரம்கூட இல்லையா?"

"விடு."

அவள் சிரிக்கவில்லை, ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று மிச்சமிருந்த நீல வெள்ளைச் செருப்புக்குள் காலை நுழைத்தாள்.

"அதான் கம்பி போட்டாச்சே," என்றார் லாய்.

"கம்பியை நீங்க நம்புங்க," என்று சொல்லிவிட்டு அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் போட்டாள்.

சாயங்காலம் சந்தைக்குப் போன லாய் தனக்கு இன்னொரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்து, பால்கனி வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். தரை வழுக்குகிறது என்று இந்தத் தடவை சொல்லவில்லை.